கட்டிலுக்கு மேலே பேசிய இங்கிலீஷ்

கண்ணு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் அது பொய்யாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசி வைத்ததிலிருந்து வாயில் போட்டது உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. தண்ணீர் குடித்தாலும் ஓங்கரித்துக்கொண்டு வருகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, டாக்டரைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்துவிடாதே. நீ சொன்னதுதான் காரணம். தாராபுரத்தில் உன் மாமனாருக்கு எடுத்த ஸ்கேன் நல்லபடியாக வரவில்லை என்று சொன்னாய். நல்ல மனிதர். என்னைக் கூடப் பிறந்தவளைப் போல வைத்திருக்கிற சம்பந்தி. அதற்கு அடுத்து நீ சொன்னாயே, "அவருக்குத் தெரிய வேண்டாங்கம்மா. அவரு முன்னாடி நாங்க இங்கிலீஷ்லயே பேசிக்கிறோம். அப்பாவுக்குப் பண்ணுன மாதிரியேதான். அப்பா கடசி வரைக்கும் ஒண்ணும் தெரியாம நிம்மதியாப் போய்ச் சேர்ந்தாருல்லங்க? வெள்ளிக்கிழமை நீங்களும் எங்ககூட வந்து பாருங்க. வாயை மட்டும் உட்டுறாதீங்க" என்று. நான் "சரி கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்படிச் சொன்ன என் வாயை நினைத்துத்தான் முதல் அருவருப்பு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பாய். பாதியில் "ஒரு நிமிசங்கம்மா, இன்னொரு கால் வருது" என்பாய். இதைப் பாதியில் நிறுத்தினால் மறுபடி என்னால் ஆரம்பிக்க முடியாது. நான் அஞ்சாவதோடு நின்றவள், என் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். உனக்கு அது பழக்கம்தான், சின்ன வயதில் மளிகைச் சீட்டில் என் எழுத்தைப் பார்த்துச் சிரிப்பாயே. திங்கட்கிழமையிலிருந்து உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் அபார்ட்மெண்ட் பக்கம் தினமும் பஸ்ஸில் வேலைக்கு வருகிறாளே, நம் எதிர் வீட்டுப் பெண், அவளிடம்தான் கொடுத்தனுப்பப் போகிறேன். கவரை ஒட்டவில்லை. அவள் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். உன் வீட்டுக்காரி கட்டாயம் படிக்க வேண்டும், அவளைப் பெற்றவர் விஷயம் இது. நோயாளியைப் படுக்க வைத்துக்கொண்டு அவர் தலைக்கு மேலே இங்கிலீஷ் பேசுகிற வீடு இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ இருக்கிறது. அவர்கள் எல்லாரும் படித்தாலும் எனக்குச் சம்மதம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியும், கண்ணு. உன் அளவுக்குத் தெரியாது, பேப்பர் படிக்கிற அளவுக்குக்கூடத் தெரியாது. ஆனால் ஆஸ்பத்திரியில் அவர் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு நீயும் டாக்டரும் பேசினீர்களே, அதை விளங்கிக்கொள்கிற அளவுக்குத் தெரியும். முதல் நாளே விளங்கிவிட்டது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். அவர் போய் எட்டு மாதம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். இப்போது உடைக்கிறேன். அவர் கோபித்துக்கொண்டால் நான் போய்ச் சேரும்போது சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

உனக்கு அப்போது மூணு வயது முடியவில்லை. உன்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் பெற்றவர்களைத்தான் கேட்பார்கள். அப்பனும் ஆத்தாளும் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசாவிட்டால் வாசலோடு சரி. உன் அப்பா பம்புசெட் ஒர்க்ஷாப்பில் இரும்பு கடைகிற லேத் ஓட்டுகிறவர், நான் வீட்டில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவள். எங்கள் இரண்டு பேருக்கும் ஏ பி சி டி முழுசாகத் தெரியாது. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு தையல் கடை மாடியில் சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் மூன்று மாதம் போனோம். வாத்தியார் ரொம்பச் சின்னப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. சுவரில் பெரிய தாள் ஒட்டியிருப்பான். ஒரு பக்கம் ஐ, யூ, ஹீ, ஷீ, தே என்று ஆட்கள். இன்னொரு பக்கம் ஆல்வேஸ், நெவர், ஆஃபன், ஹார்ட்லி, ஒன்லி, ப்ராபப்ளி என்று ஒரு வரிசை. "மொதல்ல ஆளைச் சொல்லுங்க. அப்புறம் எப்பவுமா, எப்பவாச்சுமா, இல்லவே இல்லையான்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் வேலையைச் சொல்லுங்க. அவ்வளவுதானுங்க இங்கிலீஷு" என்பான்.

எனக்கு அது தலையில் ஏறவில்லை. உன் அப்பாவுக்கு ஏறியது. ஏறியதோடு இல்லாமல் பிடித்தும்போனது. "இது நம்ம லேத்து மாதிரிதான் புள்ள. சக்குல இரும்பை மாட்டோணும், டூலை வெக்கோணும், அப்புறம் ஓட்டோணும். வரிசை மாறுனாத்தான் வம்பு" என்று சொல்லிச் சிரித்தார். ஒர்க்ஷாப் சுவரில் சாக்பீசால் எழுதி வைத்து வேலைக்கு நடுவில் சொல்லிப் பார்ப்பாராம். வீட்டில் நான் காயில் சுற்றிக்கொண்டிருந்தால் பின்னால் வந்து நின்றுகொண்டு, "ஷீ ஆல்வேஸ் ஃபைட்ஸ். ஷீ நெவர் லிசன்ஸ். ஷீ ஹார்ட்லி ஸ்மைல்ஸ்" என்பார். "ஏனுங்க மாமா, என்னையத்தான திட்டறீங்க?" என்று கேட்டால், "ஐ ஆல்வேஸ் திட்டு" என்பார். சிரித்துச் சிரித்துச் சுற்றுக் கணக்கு தப்பிப் போய் எத்தனை காயிலை அவிழ்த்துச் சுற்றியிருக்கிறேன். எங்களுக்குக் கல்யாணம் ஆகி அவ்வளவு சிரித்தது அந்த மூன்று மாதம்தான்.

இண்டர்வியூ அன்று பிரின்சிபால் அம்மா என்னிடம் கேட்டதற்கு நான் முழித்தேன். அப்புறம் அந்த அம்மா உன் அப்பா பக்கம் திரும்பி மகனைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். நீ என் மடியில் உட்கார்ந்து செயினை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா எழுந்து நின்றார். உட்கார்ந்து சொல்லலாம் என்றாலும் உட்காரவில்லை. இஸ்திரி போட்ட சட்டையில் வேர்வை ஊறிக்கொண்டு இறங்கியது. "ஹீ ஆல்வேஸ் ஸ்மைல்ஸ். ஹீ ஆஃபன் ஆஸ்க்ஸ் கொஸ்டீன்ஸ். ஹீ நெவர் டெல்ஸ் லைஸ்" என்றார். மூணே வரி. அந்த அம்மா சிரித்துவிட்டு உனக்குச் சீட்டுப் போட்டுக் கொடுத்தார். வெளியே வந்து மரத்தடிக் குழாயில் மூஞ்சியைக் கழுவிக்கொண்டு, "நம்ம பையனை 'ஹீ'ன்னு சொல்லிப்போட்டேன் பாத்தியா, பெரிய மனுசனாட்ட இருக்குதல்ல?" என்றார். அவர் இங்கிலீஷில் உன்னைப் பற்றிப் பேசியது அவ்வளவு பெருமையோடு பேசியது. நீ அவரைப் பற்றிப் பேசியதையும் பின்னால் எழுதுகிறேன்.

நான் செய்த முதல் தப்பை இங்கே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நீ ஏழாவது படிக்கும்போது உன் கூடப் படிக்கிற பையன்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். உனக்கு நினைவு இருக்கிறதோ இல்லையோ. உன் அப்பா வேலை முடிந்து ஆயில் கையோடு உள்ளே வந்தார். பிள்ளைகளைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோசம். "யுவர் ஃப்ரண்ட்ஸ் ஆல்ரெடி ஈட்டிங்?" என்று கேட்டார். அந்தப் பையன்கள் ஒருத்தன் முதுகில் ஒருத்தன் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "அப்பா, ப்ளீஸ்ங்ப்பா, தமிழ்லயே பேசுங்க" என்றாய். அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நானும் சத்தம் வெளியே கேட்கிற மாதிரி சிரித்தேன். எனக்கு என்ன தப்பு என்றுகூடத் தெரியாது. நீ சிரித்தாயே என்று சிரித்தேன். படித்த பிள்ளை பக்கம் சேர்ந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசை, வேறென்ன. அவர் கையைக் கழுவிக்கொண்டு, "சாப்பிடுங்க கண்ணுகளா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஒர்க்ஷாப்புக்கே போய்விட்டார். அதற்கு அப்புறம் சாகும்வரை உன் முன்னால் ஒரு வார்த்தை இங்கிலீஷ் அவர் பேசவில்லை. அதனால்தான் அவருக்குத் தெரியாது என்று நீ நினைத்துக்கொண்டாய். பேசாத ஆளுக்குக் காது இல்லை என்று நினைப்பது படித்தவர்களுக்கு வருகிற கெட்ட பழக்கம்.

இனி ஆஸ்பத்திரி. உன் அப்பாவைச் சேர்த்த வாரம் சனிக்கிழமை காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது நீ இருந்தாய், நான் பிளாஸ்கைக் கழுவிக்கொண்டு வந்து கதவோரம் நின்றேன். உன் அப்பா மல்லாந்து படுத்து விட்டத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் இரண்டு பேரும் அவர் காலடியில் நின்று பேசினீர்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, உன் முகத்தைப் பார்த்துப் பயம் மட்டும் வந்தது. பேசி முடித்துவிட்டு டாக்டர் அவர் காலைத் தட்டிக் கொடுத்து, "ஒண்ணுமில்லீங்க ஐயா, தைரியமா இருங்க" என்றார். நீ குனிந்து, "வயித்துல புண்ணுங்கப்பா. மருந்து ஏத்துனா ஆறிப்போயிருங்களாம்" என்றாய். அவர், "சரி கண்ணு" என்றார். அப்புறம் நீ என்னை வராண்டாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், வயிற்றில் புற்றுநோய் என்று சொன்னாய். நான் சேலை முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதேன். "அவரு முன்னாடி அழுதுறாதீங்கம்மா" என்று மூஞ்சியைக் கழுவச் சொன்னாய். கழுவிக்கொண்டு உள்ளே போய், "புண்ணுதானுங்களாம் மாமா" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "அப்படியா?" என்றார். அந்த 'அப்படியா'வில் கேள்வியே இல்லை. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் நீ ஆபீசுக்குப் போயிருந்தாய். தயிர்ச் சோற்றைக் கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாம் என்று கையை எடுத்துவிட்டு, "ஏம்புள்ள, அந்தத் தையக்கடை மாடி ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டார். இருக்குதுங்க என்றேன். "அப்படின்னா ஹார்ட்லின்னா என்ன, சொல்லு பாப்பம்." எனக்கு மறந்துபோயிருந்தது. "இந்தா, ரெண்டு கரண்டியோட போதும்னேன் பாரு, அதுதான் ஹார்ட்லி. ஹீ ஹார்ட்லி ஈட்ஸ். நம்ம பையன்தான் சொன்னான் டாக்டருகிட்ட" என்றார். நான் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன். அவர் நிறுத்தவில்லை. வகுப்பில் பாடம் ஒப்பிக்கிறதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். ஹீ நெவர் கம்ப்ளெயின்ஸ் என்று நீ சொன்னாயாம். ஹீ ப்ராபப்ளி ஹேஸ் ஒன்லி த்ரீ ஆர் ஃபோர் மன்த்ஸ் என்று டாக்டர் சொன்னாராம். ஹீ மஸ்ட் நெவர் நோ, அவருக்குத் தெரியவே கூடாது என்று நீ கையெடுத்துக் கும்பிட்டாயாம். "எல்லாத்துக்கும் முன்னாடி ஹீதான் புள்ள. அந்த ரூம்புல படுத்துக்கெடந்த ஹீ நான் ஒருத்தன்தான? கால்மாட்டுல நின்னுக்கிட்டு, என்னைய அங்கயே படுக்க வெச்சுக்கிட்டு, அவன் அவன்னு பேசறாங்க. செத்தவனைப் பத்திப் பேசற மாதிரி இருந்துச்சு. நானே ஒருக்கா என் காலை ஆட்டிப் பாத்துக்கிட்டேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தார்.

கண்ணு, எனக்கு அப்போது உன்மேல் வந்த அருவருப்பை எழுதாமல் மறைத்தால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தம் இல்லை. பெற்ற வயிறு, ஆனாலும் வந்தது. நம் ஊரில் மாட்டை விற்கிறவர்கள்கூட மாட்டுக்கு முன்னால் வாய் திறந்து விலை பேச மாட்டார்கள், துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு விரலால் பேசிக்கொள்வார்கள். நீ அவ்வளவு சத்தமாக, அவ்வளவு தெளிவாக, ஒரு மறைப்பும் இல்லாமல் பேசினாய். இங்கிலீஷே உனக்கு மறைப்பு. நீ பேச வேண்டும் என்று அவர் நின்று வேர்த்துப் படித்த இங்கிலீஷ்.

"நான் அவங்கிட்டக் கேக்கறேன்" என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தார். "வேண்டாம் புள்ள. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா கூசிப்போயிருவான். எனக்காக நடிக்கறான். நடிச்சுட்டுப் போகட்டும்" என்று என் தலையில் கையை வைத்துக்கொண்டார். அந்தச் சத்தியம்தான் நான் செய்த இரண்டாவது தப்பு. அது என்ன செய்யும் என்று அப்போது எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. இரண்டு வாரத்தில் தெரிந்தது.

முதல் தடவை மருந்து ஏற்றிவிட்டு வந்தபோது அவர் பட்ட பாட்டை நீ பாதிதான் பார்த்தாய். நீ காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடுவாய். நாலு நாள் அவர் வாந்தி எடுக்கிற பேசினைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். வெறும் வயிற்றிலிருந்து பச்சையாக வரும். வாயெல்லாம் புண். நாக்கில் எச்சில் பட்டாலே எரியும். துணி, பாய், என் கை எல்லாம் அந்த மருந்து நாற்றம். குளித்தாலும் போகாது. இன்றைக்கும் சில நேரம் பாத்திரம் விளக்கும்போது அந்த நாற்றம் வருகிறது, விளக்குவதை விட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறேன். மூன்றாம் நாள் அவர் சொன்னார், "போதும் புள்ள. நான் ஒர்க்ஷாப்புப் பக்கம் ஒரு சேரைப் போட்டு உக்காந்துக்கறேன். பசங்க ஓட்டறதைப் பாத்துக்கிட்டு இருக்கற வரைக்கும் இருக்கறேன்" என்றார். "அப்ப மருந்து வேண்டாம்னு பையன்கிட்டச் சொல்லுங்க மாமா" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "எப்படிச் சொல்றது? புண்ணுன்னுதான சொல்லியிருக்கான். ஆறிப்போற புண்ணுக்கு மருந்து வேண்டாம்னு எவனாச்சும் சொல்லுவானா? ஏனுங்கப்பான்னு கேப்பான். கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்? எனக்குத் தெரியும்டான்னுதான் சொல்லோணும்" என்றார்.

இதை நீ இரண்டு முறை படி. நீ சொன்ன பொய் அவர் பயப்படாமல் இருக்க என்றுதான் சொன்னாய், நான் நம்புகிறேன். ஆனால் அந்தப் பொய்யை வைத்து அவர் வாயைத் தைத்துவிட்டாய். வேண்டாம் என்று சொல்கிற உரிமை அவருக்கு இல்லாமல் போனது. மருந்து ஏற்றினாலும் பெரிசாகப் பலன் இருக்காது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வலிக்கு மட்டும் மாத்திரை கொடுத்தாலும் போதும் என்று டாக்டர் சொன்னதை நீயே பின்னால் என்னிடம் சொன்னாய். அதைக் கேட்க வேண்டிய ஆள் கட்டிலில் இருந்தார். அவரைக் கேட்காமல் நீ முடிவு எடுத்தாய். நீ கூசிவிடக் கூடாது என்பதற்காக அவர் இன்னும் மூன்று தடவை போய்க் கையை நீட்டினார். ஒவ்வொரு தடவையும் காரில் ஏறும்போது, "கெளம்பலாமா கண்ணு?" என்று உன்னிடம் சிரித்துக்கொண்டு கேட்டார். நீ நர்சிடம் பெருமையாகச் சொல்வாய், அவர் நெவர் கம்ப்ளெயின்ஸ் என்று. எப்படிப் புகார் சொல்வார்? நாலாவது தடவைக்கு அப்புறம் அவரால் எழுந்து உட்காரவே முடியவில்லை. ஒர்க்ஷாப்பில் சேரைப் போட்டு அவர் ஒரு நாள்கூட உட்காரவில்லை.

உன்னை மட்டும் சொல்லவில்லை. நான் அங்கேயேதான் இருந்தேன். சத்தியத்தைத் தூக்கி எறிந்துவிட்டு உன் சட்டையைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் உனக்காக நடித்தார், நீ அவருக்காக நடித்தாய், நான் இரண்டு பேருக்கும் நடுவில் பேசினைப் பிடித்துக்கொண்டு நடித்தேன். ஒரு வீட்டில் மூன்று பேர், மூன்று பேருக்கும் தெரியும், ஒருத்தர்கூட ஒருத்தரோடு அழவில்லை. சாவு வீட்டில் நீ வருகிறவர்களிடம் எல்லாம் சேரை நகர்த்திப் போட்டுக்கொண்டே, "கடசி வரைக்கும் அவருக்குத் தெரியாதுங்க. தெரியாமயே பாத்துக்கிட்டோமுங்க" என்று சொன்னாய். எல்லாரும், "பையன்னா இப்படி இருக்கோணும்" என்றார்கள். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டேன். உன் பெரியத்தை என் முதுகைத் தடவி, "அழுதுரு அம்மிணி, அழுதுரு" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. வாந்திதான் வந்தது. மயக்கம் என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் எழுதாமலேயே என்னோடு கொண்டுபோய்விடலாம் என்றுதான் இருந்தேன். நீ தாராபுரத்திலும் அதையே செய்யப் போகிறாய் என்று தெரியாமல் இருந்திருந்தால் கொண்டுபோயிருப்பேன். அவர் தென்னந்தோப்பு வைத்திருக்கிற மனுசர், இங்கிலீஷ் தெரியாது, விளங்காது என்று நீ சொல்லலாம். விளங்காவிட்டால் இன்னும் கேவலம். தன்னைப் பற்றி என்னமோ பேசுகிறார்கள், என்ன என்று தெரியவில்லை என்று ஒரு மனிதர் படுத்துக்கொண்டு எல்லார் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? அவர் என்ன செய்ய நினைப்பாரோ, அது அவருக்குத்தான் தெரியும். மருந்து எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். பேசாமல் விட்டுப்போன தம்பியைக் கூப்பிடலாம். கோயிலுக்குப் போகலாம், ஒரு மூலையில் உட்கார்ந்து அழலாம். அவர் உயிர், அவர் நாள். அதை ஒளித்து வைத்துக்கொள்ள உனக்கும் எனக்கும் யார் கொடுத்தது?

நேற்றுக் காலையில் ஒன்று நடந்தது. அது நடக்காவிட்டால் இந்தக் கடிதம் இன்னும் இரண்டு நாள் பிடித்திருக்கும். உன் மாமனார் எனக்குப் போன் பண்ணினார். "ஏனுங்க சம்பந்தி, நல்லா இருக்கறீங்களா? ஒண்ணு கேக்கோணுமுங்க. உங்க ஊட்டுக்காரருக்கு மொத மொத எப்படி இருந்துச்சுங்க?" என்றார். நான் ஏனுங்க என்றேன். "இல்லீங்க, எம்புள்ளையும் மாப்பிள்ளையும் வந்தா ஒரே இங்கிலீசாப் பேசிக்கறாங்க. நான் உள்ள போனா நிறுத்திக்கறாங்க. எனக்குப் படிப்பு இல்லீங்க, ஆனா மூஞ்சி படிக்கத் தெரியுமுங்க. உங்ககிட்டக் கேட்டா மறைக்க மாட்டீங்கன்னு கேக்கறேன்" என்றார். மறைக்க மாட்டேன் என்று என்னைப் போய் நம்பிக் கேட்கிறார். என்னை! ஒண்ணுமில்லீங்க, சும்மா வயித்துப் புண்ணுங்க என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்படியே வந்திருக்கும், பழகிய நாக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை நானும் வாரேனுங்க. மாப்பிள்ளையும் புள்ளையும் வாராங்க. அவங்க உங்ககிட்ட நேராச் சொல்லுவாங்க. என்ன கேக்கோணுமோ கேளுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர், "சரிங்க சம்பந்தி. அப்ப ஏதோ இருக்குதுங்க. சரி. அதுவரைக்கும் நான் எதும் கேக்கலீங்க" என்று வைத்துவிட்டார்.

இப்போது அவர் காத்துக்கொண்டிருக்கிறார், கண்ணு. பாதி சொல்லிவிட்டேன், மீதி உன்னுடையது. என்மேல் கோபம் வந்தால் வரட்டும். வெள்ளிக்கிழமை காலையில் நான் குளித்துச் சாப்பிட்டுவிட்டு ரோட்டிலேயே நிற்பேன், வீட்டுக்குள் காரைத் திருப்ப வேண்டாம். பழம் நான் வாங்கிக்கொள்கிறேன். அங்கே போனதும் அவர் பக்கத்தில் சேரைப் போட்டு உட்கார், காலடியில் நிற்காதே. உன் வீட்டுக்காரியை அவருக்கு இன்னொரு பக்கம் உட்கார வை. கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, உங்களுக்கு வந்திருக்கறது இதுதானுங்க" என்று நம் பேச்சில், நோயின் பேரைச் சொல்லியே சொல்லு. டாக்டர் என்னென்ன வழி சொன்னார் என்று ஒன்று விடாமல் சொல்லு. அவர் திட்டினால் வாங்கிக்கொள், அழுதால் அழு, ஒன்றுமே பேசாமல் எழுந்து தோப்புக்குள் நடந்தால் பின்னாலேயே நட. அப்புறம், "நீங்க என்ன பண்ணச் சொல்றீங்க?" என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு. அவர் சொல்கிற வரைக்கும், எவ்வளவு நேரம் ஆனாலும், அங்கேயே இருப்போம்.

உன் அம்மா